சப்மரைனரும் ஸ்பீட்மாஸ்டரும் இருக்கின்றன, அடுத்த வாட்ச் எது?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. கையில் இருப்பவை மூன்று: தேதி இல்லாத ரோலெக்ஸ் சப்மரைனர், ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், அப்பா விட்டுப்போன எச்எம்டி ஜனதா. சென்னையில் வேலை, ஆறரை அங்குல மணிக்கட்டு, 10 முதல் 12 லட்சம் வரை செலவழிக்கலாம். பட்டியலில் டியூடர் பிளாக் பே 58, ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட், கிராண்ட் சீக்கோ ஸ்னோஃப்ளேக், கார்த்தியே டாங்க் லூயி, ஜேகர்-லெகூல்ட்ர் ரிவர்சோ ஆகிய ஐந்தும் இருக்கின்றன. "விற்றால் காசு வரும், ரோலெக்ஸே வாங்கு" என்கிறார் உங்கள் மைத்துனர். உங்கள் மனம் ரிவர்சோ பக்கம் சாய்கிறது, ஆனால் துணிவு வரவில்லை. துணிந்து ரிவர்சோவையே வாங்குங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

பெட்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சப்மரைனர் 1953இல் நீருக்கடியில் இறங்குகிறவர்களுக்காக வந்தது. ஸ்பீட்மாஸ்டர் 1957இல் கார் பந்தயத்துக்காக வந்து, 1965இல் நாசாவின் சோதனைகளைத் தாண்டி, 1969இல் நிலாவரை போனது. கதைகள் வேறு என்றாலும் கையில் கட்டினால் இரண்டும் ஒரே ஜாடை: வட்டம், ஸ்டீல், கறுப்பு டயல், 12, 13 மி.மீ. தடிமன். முழுக்கைச் சட்டையின் பட்டனைப் போட்டால் இரண்டுமே முட்டும்.

ஜனதா அப்படி இல்லை. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்எம்டி, ஒரு தலைமுறையின் மணிக்கட்டையே பிடித்து வைத்திருந்தது. உங்கள் அப்பாவுடையது சிறியது, மெல்லியது, தினமும் சாவி கொடுக்க வேண்டியது. கல்யாணம், கோயில் என்று நல்ல இடத்துக்குப் போகும்போது கட்டிக்கொள்ளும் எளிமையான வட்ட வாட்ச் என்ற இடத்தை அது நிரப்பிவிட்டது. அதே இடத்துக்கு 10 லட்சத்தில் இன்னொரு வட்ட வாட்ச் வாங்கினால், ஜனதா மேசை டிராயருக்குள் போய்விடும். அதை நடக்க விடாதீர்கள். ஆக, உங்களிடம் இல்லாதது மெல்லிய, வட்டமில்லாத, கறுப்பு டயல் இல்லாத ஒன்று. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

பிளாக் பே 58 நல்ல வாட்ச். 39 மி.மீ. அளவு உங்கள் கைக்குப் பொருந்தும். ஆனால் அது 1950களின் டைவிங் வாட்ச் வடிவத்தை இன்றைக்குத் திரும்பச் செய்தது. அந்த வம்சத்தின் தலைமகன் சப்மரைனர் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. டேட்ஜஸ்ட்டும் அப்படித்தான். 1945இலிருந்து வரும் அருமையான தினசரி வாட்ச், ஒரே ஒரு வாட்ச் வேண்டும் என்று கேட்பவருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். நீங்கள் கேட்பது நான்காவது வாட்ச்.

மைத்துனர் சொன்னதற்கு வருவோம். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ரோலெக்ஸ் ஸ்டீல் மாடல்கள் மற்றவற்றைவிட மறுவிலையில் நன்றாக நிற்கின்றன. ஆனால் 2021, 2022இல் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் டிஃபனி நீல டயல் போட்ட பாட்டெக் பிலிப் நாட்டிலஸ் ஒன்று நியூயார்க்கில் 65 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கடையில் பட்டியல் விலைக்கு வாங்கி, வெளியே வந்து இரண்டு மடங்குக்கு விற்றவர்கள் அப்போது நிறைய. 2022 மார்ச், ஏப்ரல் வாக்கில் உச்சம் தொட்ட அந்தச் சந்தை பிறகு மளமளவென்று இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர்கள் பலர் இன்னும் நஷ்டத்தில்தான் இருக்கிறார்கள். லாபத்துக்காக வாங்கும் வாட்சை கீறல் பயத்தில் கட்டவும் மாட்டோம், விலை பார்த்து விற்கவும் மனம் வராது. உங்கள் 12 லட்சம் வளர வேண்டும் என்றால் அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. இந்தப் பணத்தை நீங்கள் ஆசைக்காக ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். ஆசைக்கே செலவழிக்கலாம்.

ஸ்னோஃப்ளேக்கைத் தள்ளி வைப்பது எனக்கே கடினம். அதன் உள்ளே ஓடும் ஸ்ப்ரிங் டிரைவ் என்ற இயந்திரம் கடிகார உலகிலேயே தனி. சீக்கோவின் பொறியாளர் யோஷிகாஸு அகஹானேவுக்கு இந்த யோசனை வந்தது 1977இல். அது விற்பனைக்கு வந்தது 1999இல். சாதாரண மெக்கானிக்கல் வாட்சில் சுருள்வில் தரும் விசையை ஒரு எஸ்கேப்மென்ட் தட்டித் தட்டி விடுவிக்கும், அந்தத் தட்டல்தான் டிக் டிக் ஓசை. ஸ்ப்ரிங் டிரைவில் எஸ்கேப்மென்ட்டே கிடையாது. சுருள்வில்லின் விசையில் பற்சக்கரங்கள் ஓட, கடைசியில் ஒரு சிறு சக்கரம் விநாடிக்கு 8 சுற்று சுற்றுகிறது. சுற்றும்போதே துளி மின்சாரமும் உண்டாக்குகிறது. அந்த மின்சாரத்தில் விநாடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகமும் ஒரு சிறு மின்சுற்றும் உயிர்பெற்று, சக்கரம் வேகமாகப் போனால் காந்தவிசையால் அதைப் பிடித்து நிறுத்தாமல் இழுத்துவைக்கின்றன. சைக்கிளில் இறக்கத்தில் போகும்போது பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே போவோமே, அது மாதிரி. பேட்டரி கிடையாது. மாதத்துக்கு 15 விநாடிக்குள் துல்லியம். விநாடி முள் துடிக்காமல், நிற்காமல், வழுக்கிக்கொண்டே போகும். அதை நேரில் ஒரு நிமிடம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஜப்பானில் அந்த வாட்ச் பிறக்கும் ஷின்ஷூ பகுதியின் பனிப்பரப்பை டயலில் கொண்டுவந்திருக்கிறார்கள். வெள்ளை மை பூசாமல், வெள்ளி முலாம் மேல் அந்த வெண்மையை வரவழைத்திருக்கிறார்கள்.

ஆனால் அது 41 மி.மீ. வட்டம், 12.5 மி.மீ. தடிமன், டைட்டானியம் பிரேஸ்லெட். உங்கள் பெட்டிக்குள் வந்தால் அது சப்மரைனரின் நாட்களைத்தான் பிடுங்கும். இன்னொன்று, அதன் மின்சுற்றை நிறுவனத்தின் சர்வீஸ் மையம் மட்டுமே கையாள முடியும். உள்ளூர்ப் பழுதுபார்ப்பவர், எவ்வளவு கைதேர்ந்தவரானாலும், திறந்து பார்த்து மூடிவிடுவார். உங்களிடம் சப்மரைனர் இல்லாமல் இருந்திருந்தால் நான் ஸ்னோஃப்ளேக் என்றுதான் எழுதியிருப்பேன்.

டாங்க் லூயி கதை வேறு. லூயி கார்த்தியே 1917இல், முதல் உலகப் போரின் ரெனோ டாங்கியை மேலிருந்து பார்த்த தோற்றத்திலிருந்து அதை வரைந்தார். இரண்டு பக்கமும் ஓடும் பட்டைகள்தான் டாங்கியின் சங்கிலித் தடங்கள். நூறு வருஷம் கழித்தும் அந்த அளவுப் பொருத்தத்தில் யாரும் கை வைக்க முடியவில்லை. பெரிய அளவே 33.7 மி.மீ. நீளம், 6.6 மி.மீ. தடிமன்தான், உங்கள் மணிக்கட்டுக்கு அழகாக அமரும். தடை விலை. டாங்க் லூயி தங்கத்தில் வருவது, பெரிய அளவு உங்கள் கணக்கைத் தாண்டிவிடும். அதோடு தங்கம் மென்மையானது, சீக்கிரம் கீறல் விழும். டாங்க் வேண்டும் என்ற ஆசை தனியாக இருந்தால், ஸ்டீலில் வரும் டாங்க் மஸ்ட் இதைவிட வெகு மலிவு. சுருள்வில் இல்லாத குவார்ட்ஸ் என்று யாராவது முகம் சுளித்தால் கண்டுகொள்ளாதீர்கள். அதை இன்னொரு வருஷம் வாங்கலாம்.

சரி, ரிவர்சோ. இதன் தொடக்கம் நம் நாட்டில். 1930-31 குளிர்காலத்தில் சேசர் டி ட்ரே என்ற சுவிஸ் வணிகர் இந்தியா வந்தபோது, போலோ ஆடும் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் அவரிடம் ஒரு குறை சொன்னார்கள். மட்டையோ பந்தோ பட்டு வாட்சின் கண்ணாடி உடைந்துகொண்டே இருக்கிறது, ஆட்டத்தைத் தாங்கும் ஒன்றைச் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். அவர் ஊர் திரும்பி கடிகாரத் தயாரிப்பாளர் ஜாக்-டேவிட் லெகூல்ட்ரிடம் சொல்ல, பாரிஸில் ரெனே-ஆல்ஃப்ரெட் ஷாவோ என்ற பொறியாளர் தீர்வை வரைந்தார். தன் தாங்கியின் மேல் சறுக்கி, முழுதாகத் திரும்பிக்கொள்ளும் ஒரு கடிகாரம். காப்புரிமை விண்ணப்பம் 1931 மார்ச் 4 தேதியிட்டது. ஆடும்போது கண்ணாடி உள்பக்கம், ஸ்டீல் முதுகு வெளிப்பக்கம். அந்தப் போலோவையே பிரிட்டிஷார் கற்றது மணிப்பூர்க்காரர்களிடம்தான். மணிப்பூரின் சகோல் காங்ஜெய் ஆட்டத்தைப் பார்த்துத்தான் 1859இல் அசாமின் சில்சாரில் முதல் கிளப்பைத் தொடங்கினார்கள். இந்த வாட்சின் வேர் அந்த மைதானங்கள்வரை போகிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

போருக்குப் பிறகு வட்ட வாட்சுகளின் காலம் வந்தது, ரிவர்சோ நின்றே போனது. 1972இல் ஜார்ஜியோ கோர்வோ என்ற இத்தாலிய விற்பனையாளர் தொழிற்சாலைக்குப் போனபோது, பயன்படாமல் கிடந்த 200 கேஸ்களை, அதாவது வெளிக்கூடுகளை, பார்த்து மொத்தமாக எடுத்துக்கொண்டார். அவற்றுக்குள் மூவ்மென்ட் என்ற இயந்திரத்தைப் பொருத்தி இத்தாலியில் வைத்ததும் விற்றுத் தீர்ந்தன. இன்று அந்த நிறுவனத்தின் முகமே இந்த மாடல்தான். 1985இல் கேஸை முழுதாக மறுபடி வடிவமைத்து, தண்ணீர், தூசி புகாதபடி செய்தார்கள். இந்த ஆண்டை நினைவில் வையுங்கள், பிறகு வேலைக்கு ஆகும்.

உங்களுக்கு நான் சொல்வது ஒரே டயல் கொண்ட ரிவர்சோ டிரிபியூட் மோனோஃபேஸ் ஸ்மால் செகண்ட்ஸ், ஸ்டீலில். 45.6 மி.மீ. நீளம், 27.4 மி.மீ. அகலம். 45.6 என்று படித்ததும் பயப்பட வேண்டாம், அது மேலிருந்து கீழ்வரை முழு நீளம். சப்மரைனரில் பட்டை மாட்டும் கொம்பிலிருந்து கொம்பு வரையான நீளம் இதைவிட அதிகம். தடிமன் ஏறத்தாழ 8 மி.மீ., சட்டைக்குள் சத்தமில்லாமல் போய்விடும். சந்தேகம் இருந்தால் இந்த அளவில் ஒரு அட்டையை வெட்டிக் கையில் ஒட்டிக் கண்ணாடியில் பாருங்கள். கடையின் வெளிச்சத்தில் குனிந்து பார்ப்பதைவிட அது உண்மையைச் சொல்லும். உள்ளே இருக்கும் கேலிபர் 822 மூவ்மென்ட்டும் செவ்வகம். வட்ட மூவ்மென்ட்டைச் சதுரப் பெட்டிக்குள் திணிக்கும் வேலை இங்கே இல்லை, கேஸுக்கென்றே வெட்டிய இயந்திரம். தடிமன் 3 மி.மீ.கூட இல்லை. முழுச் சாவி கொடுத்தால் 42 மணி நேரம் ஓடும். ஜனதாவுக்கும் ஸ்பீட்மாஸ்டருக்கும் சாவி கொடுத்துப் பழகியவருக்கு இது புதிதல்ல, காலையில் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

டொரன்டோவில் அண்ணன் இருக்கிறார், டுவோஃபேஸ் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். திருப்பினால் இன்னொரு டயலில் இன்னொரு ஊரின் நேரம் காட்டும் மாடல் அது, 1994இல் வந்தது. அழகான யோசனைதான். ஆனால் தடிமன் கூடும், விலை ஏறும், முக்கியமாக அந்த வெறும் முதுகு போய்விடும். அண்ணனின் நேரம் ஃபோனில் தெரியும். எனக்கு மோனோஃபேஸ்தான் பிடிக்கும்.

டயல் நிறம் பற்றித் தயங்காமல் சொல்வேன்: கறுப்பு வேண்டாம். உங்களிடம் இரண்டு கறுப்பு இருக்கிறது. அடர் சிவப்பு எடுங்கள். வெயிலில் ஒயின் நிறமாகவும் மாலையில் கிட்டத்தட்டக் கறுப்பாகவும் தெரியும், வேட்டி சட்டைக்கும் கோட்டுக்கும் ஒத்துப்போகும். புதுமோகமும் கிடையாது, 1930களிலேயே வண்ண டயல் போட்ட ரிவர்சோக்கள் இருந்தன.

புதிதா, பழையதா? மைத்துனர் ரிவர்சோவின் குறையாகச் சொல்லும் அதே விஷயம் வாங்குகிறவருக்கு லாபம். கடையை விட்டு வெளியே வந்ததும் விலை இறங்குகிறது என்றால், இரண்டு மூன்று வருஷம் கட்டிய நல்ல ஒன்று குறைந்த விலையில் கிடைக்கும். நிறுவனத்திடம் பதிவு செய்தால் 2 வருட உத்தரவாதம் 8 வருடமாக நீள்கிறது. அதனால் பழையதை வாங்கினாலும் உத்தரவாதக் காலம் மிச்சம் இருக்கலாம், பில்லையும் அட்டையையும் கேட்டு வாங்குங்கள். கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது டயலுக்கு மேலேயும் கீழேயும் கேஸில் ஓடும் மும்மூன்று கோடுகளை. அவற்றின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் யாரோ அளவுக்கு மீறிப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். போன உலோகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பிறகு சறுக்கித் திருப்பிப் பாருங்கள். வழியில் உராயாமல் போய், தெளிவாகக் 'கிளிக்' என்று உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு ஆடக் கூடாது. திருப்பியதும் உள்ளே தெரியும் தாங்கியின் தட்டையும் பாருங்கள், தூசி சிக்கித் தேய்ந்த கோடுகள் அதில் தெரியும். முதுகில் யாருடைய பெயராவது பொறித்து அழித்த தடம் இருந்தால், தட்டு மெலிந்திருக்கும், விட்டுவிடுங்கள்.

1985க்கு முந்தைய ரிவர்சோக்களை வாங்காதீர்கள். பார்க்க ஆசையாக இருக்கும், 1930களின் டயல்களைப் பார்த்தால் எனக்கும் கை நீளும். ஆனால் அவற்றின் கேஸ் சென்னையின் ஈரக்காற்றைத் தடுக்காது. ஒரே மழைக்காலத்தில் டயலில் புள்ளி விழும். அவை குளிர் தேசத்துக்காரர்களிடமே இருக்கட்டும்.

இப்போதைய கேஸும் 30 மீட்டர் என்று போட்டிருக்கும். அதற்கு அர்த்தம் கை கழுவலாம், தூறலில் நனையலாம் என்பது மட்டும். நீச்சலுக்கு உங்களிடம் சப்மரைனர் இருக்கிறது. தோல் ஸ்ட்ராப்தான் நம் ஊரில் உண்மையான சிக்கல். மே மாதத்தில் தினமும் கட்டினால் சில மாதங்களில் நாற்றம் வரும், தையல் கறுக்கும். ஒரு நாள் கட்டினால் மறுநாள் காற்றாட விடுங்கள், சென்ட்டை மணிக்கட்டில் அடிக்காதீர்கள், வாங்கும்போதே துணி ஸ்ட்ராப் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். டிரிபியூட் மாடல்களோடு வரும் ஸ்ட்ராப்களை வடிவமைப்பது அர்ஜென்டினாவின் காசா ஃபாக்லியானோ, போலோ ஆட்டக்காரர்களுக்குக் காலணி செய்யும் குடும்பம். அதைத் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் துணியில் கட்டலாம்.

காந்தம் இன்னொன்று. இப்போதைய ஸ்பீட்மாஸ்டர் 15,000 காஸ் அளவு காந்தப்புலம் வரை தாங்கும், அதனால் உங்களுக்கு இந்தக் கவலையே வந்திருக்காது. ரிவர்சோவுக்கு அந்தக் கவசம் இல்லை. ஃபோன் கவரின் காந்தம், டேப்லெட் மூடி, ஸ்பீக்கர் இவற்றின் மேல் வைக்காதீர்கள். திடீரென்று தினமும் சில நிமிடங்கள் முந்தி ஓடினால் பதற வேண்டாம். அநேகமாகக் காந்தம் ஏறியிருக்கும், வாட்ச் கடையில் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். சர்வீஸை ஐந்து முதல் ஏழு வருஷத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீட்மாஸ்டர் போன்ற, ஸ்டாப்வாட்சும் சேர்ந்த க்ரோனோகிராஃபைவிட இதில் பாகங்கள் குறைவு, செலவும் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பணம் கட்டும்போது தெரிந்திருக்க வேண்டியவை. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக எந்தக் கடையும் வாங்கக் கூடாது, வாங்குகிறேன் என்று சொல்லும் கடை நமக்கு வேண்டாம். பான் எண் கேட்பார்கள். விலை 10 லட்சத்தைத் தாண்டினால், 2025 ஏப்ரல் 22 முதல் கைக்கடிகாரங்களுக்கு விற்பவரே பிடித்துக் கட்டும் டிசிஎஸ் என்ற வரியை 1 சதவீதம் வசூலிக்கிறார்கள். அது வருமானவரிக் கணக்கில் உங்கள் பெயரில் வரவாகும், தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஸ்விட்சர்லாந்து அடங்கிய ஈஎஃப்டிஏ என்ற ஐரோப்பிய வணிகக் கூட்டமைப்பின் நாடுகளோடு இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, சுவிஸ் கடிகாரங்களின் சுங்கவரி ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாக இறங்கும். அதற்காகக் காத்திருக்கலாமா என்றால், என் கருத்தில் வேண்டாம். வரி இறங்கும் வேகத்துக்கு நிறுவனங்களும் விலையை ஏற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து அண்ணன் வாங்கி வருவதானால் விமான நிலையத்தில் அறிவித்து வரியைக் கட்டச் சொல்லுங்கள். பில் இல்லாமல், வரி கட்டாமல் வந்த வாட்சுக்குப் பிறகு விற்பனையிலும் காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

கடைசியாக அந்த வெறும் முதுகு. அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் டக்ளஸ் மெக்கார்தர் 1935இல் வாங்கிய தன் ரிவர்சோவில் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்து வைத்திருந்தார், 2015இல் அது ஏலத்துக்கு வந்தது. பதினைந்தாம் திருமண நாளுக்காக வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள், கடைக்காரர் அன்றைக்கே தேதியைப் பொறித்துத் தருவதாகச் சொல்வார். உடனே செய்ய வேண்டாம். ஒரு வருஷம் கட்டுங்கள். எந்த எழுத்து, தமிழா ஆங்கிலமா, தேதியா பெயரா என்று வீட்டில் இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். தமிழில் பொறிப்பதானால், எழுத்து வடிவத்தை நீங்களே நல்ல ஓவியர் ஒருவரிடம் வரைந்து வாங்கிக் கொடுங்கள். தமிழ் தெரியாத ஒருவர் கணினி எழுத்துருவை நகலெடுத்துப் பொறித்தால் சுழிகளும் வளைவுகளும் சிதைந்துபோகும்.